நான் பங்கு வைத்த மொட்டைமாடி

1

ஆகஸ்ட் பதினைந்து என்றால் ஊரில் உங்களுக்கு மடு மாதா திருவிழா. பலெர்மோவில் அன்று ஃபெர்ரகோஸ்தோ. நகரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு கடலுக்குப் போய்விடும். வெயிலும் பூனைகளும் நாங்களும்தான் மிச்சம். அந்த நாளில் எங்கள் கட்டிடத்து மொட்டைமாடியில் நான் விருந்து வைப்பேன். நகரத்தின் மறுபக்கம் ஒரேத்தோவில் இருந்து மன்னார்ச் சனம் பஸ் ஏறி வரும். முதலில் செபமாலை, பிறகு சோறு. அந்த ஒழுங்கை நான் யாருக்காகவும் மாற்றியதில்லை. சுவாமியார் ஒருமுறை பசியோடு வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். அவருக்கும் மாற்றவில்லை.

நான் பேசாலைக்காரி. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குச் சரிவரவில்லை, கடல் சரிவந்தது. இத்தாலிக்கு வந்து வீடு துடைத்தேன், கிழவிகளைக் குளிப்பாட்டினேன், கிழவர்களைத் திட்டிச் சாப்பிட வைத்தேன். இப்போது எனக்கே வயதாகிவிட்டது. ஆனாலும் ஐந்து மாடிப் படியை யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறுகிறேன். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடந்ததெல்லாம் ஐந்தாம் மாடிக்கு மேலேதான் நடந்தது.

கட்டிடம் போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பக்கத்தில். முதலாம் மாடியில் இருக்கிற சிஞ்ஞோரா கொன்செத்தாதான் சொந்தக்காரி. மூட்டு வலி என்று அவர் மேலே ஏறுவதே இல்லை. இந்த வருடம் ஜூலையில், சாந்தா ரோசாலியா திருவிழா முடிந்த கிழமை, மொட்டைமாடிவரை ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் மொட்டைமாடிச் சாவி.

“தெரேசா, கேளும். ஃபெர்ரகோஸ்தோவோட இந்தக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போடப்போறன். ஒருத்தருக்கும் சாவி இல்லை.”

“அப்ப என்ர விருந்து?”

“அதுக்குள்ள அந்த ரெண்டு வங்காளி வீட்டுச் சண்டையும் முடிஞ்சால் விருந்து. முடியாட்டிப் பூட்டு. உம்மட மாதா வந்து கேட்டாலும் பூட்டு.”

“மாதாவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ, சிஞ்ஞோரா.”

உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பூட்டை மட்டும் திரும்பப் பெறவில்லை.

இங்கே எல்லோரும் பேசியது இத்தாலியில். கொன்செத்தா பேசுவது சிசிலி இத்தாலி, வங்காளிகள் பேசுவது சந்தை இத்தாலி, நான் பேசுவது வீடு துடைத்துப் படித்த இத்தாலி. எழுதும்போது எல்லோருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சைக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

2

அந்த இரண்டு வீட்டையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாடியில் ரஃபீக். கபோச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறான். வங்காளதேசம், கொமில்லா, முஸ்லிம். அவனுடைய தாய் ஜொஹரா. மெலிந்த, உயர்ந்த, அதிகம் பேசாத மனுசி. நான்காம் மாடியில் தபன். உணவகம் ஒன்றில் சமையல்காரன். இந்தியா, அகர்தலா, இந்து. அவனுடைய தாய் மாலதி. கட்டையான, உருண்டையான, ஓயாமல் பேசுகிற மனுசி. இரண்டு வீட்டிலும் ஒரே பாஷைதான். ஒரே மாதிரித்தான் மீனும் பொரிக்கிறார்கள், வாசத்தை வைத்துச் சொல்கிறேன். ரஃபீக் என்னைக் ‘காலா’ என்பான், தபன் ‘மாசி’ என்பான். இரண்டும் சின்னம்மா என்பதுதான். ஒருவன் கூப்பிடுகிற மாதிரி மற்றவன் தவறியும் கூப்பிட மாட்டான்.

மாலதியை எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். தபனுக்கு லீவு கிடைக்காத ஒரு நாள் அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க நான்தான் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குக் கூட்டிப்போனேன். விடியக்காலையில் போய் வரிசையில் நின்று, பத்து மணிக்கு ஜன்னலடிக்கு வந்தோம். அங்கிருந்த பெடியன் பாஸ்போட்டைப் பார்த்தான், கம்பியூட்டரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

“சிஞ்ஞோரா, நீங்கள் இந்தியா. பிறந்த இடம் கொமில்லா எண்டு கிடக்கு. அது வங்காளதேசத்தில எல்லோ காட்டுது?”

“ஓம்,” என்றார் மாலதி.

“அப்ப வங்காளதேசத்தில பிறந்தனீங்களோ?”

“இல்லை. அப்ப அப்பிடி ஒரு நாடு இல்லை.”

“பிறகு எந்த நாட்டில பிறந்தனீங்கள்?”

“நான் பிறக்கேக்க ஆரும் கேக்கேல்லையே, தம்பி.”

பெடியன் எழும்பிப் பெரியவரைக் கூப்பிடப் போனான். பெரியவர் தனக்கு மேலே ஒருவரைக் கூப்பிட்டார். மத்தியானம்வரை அந்த ஜன்னல் எங்களுடையதுதான். பின்னால் நின்ற சனம் எங்களைச் சபித்தது. அன்றைக்குத்தான் மாலதி எனக்குச் சொன்னார், வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போகும்போது இந்துவுக்கு ஒரு பக்கம், முஸ்லிமுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டுப் போனான் என்று. கொமில்லா பாகிஸ்தானுக்குப் போய், பிறகு வங்காளதேசம் ஆனது. அகர்தலா இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

சண்டைக்கு வருகிறேன். மொட்டைமாடியில் கடல் பக்கம் மாலதி சுரைப் பந்தல் போட்டிருந்தார். தெருப் பக்கம் ஜொஹரா தகரங்களில் கொச்சிக்காய் மிளகாய் வைத்திருந்தார். ஒரு கொச்சிக்காய் ஒரு குடும்பத்துக்குப் போதும், அவ்வளவு உறைப்பு. பின்னேரம் வீட்டுக்குள் வேகும் என்பதால் ஜொஹரா மேலே வந்து பாய் விரித்துத் தொழுவார். அதே நேரத்தில்தான் மாலதி தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துச் சாம்பிராணி போடுவார். சாமிக்கும் ஆச்சு, நுளம்புக் கடிக்கும் ஆச்சு. அந்த நேரம் காற்று கடலில் இருந்து வரும். புகை முழுவதும் தொழுகிறவருடைய முகத்தில். இருமி இருமி அவர் தொழுது முடிப்பார். அவர் எதுவும் சொல்லவில்லை, மகன் சொன்னான். மாலதி எதுவும் சொல்லவில்லை, அவருடைய மகன் திருப்பிச் சொன்னான். பிறகு சுரைக்கொடியின் நிழல், தண்ணீர்க் குழாய், ஈரத் துணி. கடைசியில் நாட்டையும் சமயத்தையும் இழுத்துப் படியில் நின்று கத்துகிற அளவுக்குப் போய்விட்டது.

கொன்செத்தாவுக்கு அதிலே ஒரு சொந்தக் கோபமும் இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் பலகையில் தக்காளி விழுதைப் பரப்பிக் காயவிடுவது இந்த ஊர்ப் பழக்கம். போன வருடம் மேலே கொடுத்துவிட்ட அவருடைய பலகை சாம்பிராணி மணத்தது. வருடம் முழுவதும் பாஸ்தா கோவில் மாதிரி மணக்குது என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்த இரண்டு வீட்டு ஆண்களும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. நடுவில் பாயில் காய்கிற என் கருவாடு நாறுகிறது என்பது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நல்ல கருவாடு மணக்கத்தான் செய்யும்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன், வாசலில் ரஃபீக்கும் தபனும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள், ஆனால் சேர்ந்து நிற்கிறார்கள்.

“காலா, நீங்கள்தான் மேல்மாடியைப் பிரிச்சுத் தரவேணும்,” என்றான் ரஃபீக்.

“கோடு ஒண்டு கீறிவிடுங்கோ, மாசி. ஆரும் ஆற்றையும் பக்கம் போறேல்லை,” என்றான் தபன்.

“ஏன் நான்?”

“நீங்கள் இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை,” என்றார்கள் இருவரும்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் என்னிடம் யாரும் நீதி கேட்டு வந்ததில்லை, தரையில் கறை போகவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். விருந்தும் தப்பும், மரியாதையும் கிடைக்கும். சரி என்றுவிட்டேன்.

மகள் ரோசிக்குப் போனில் சொன்னேன். ரோசாலியா என்று இந்த ஊர்ப் புனிதையின் பேரைத்தான் வைத்தோம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சந்தையில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள், தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். தமிழில் தொடங்கி இத்தாலியில் முடிப்பாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, இந்தியாவுக்குக் கோடு கீறினதும் இப்பிடி ஒரு ஆள்தான், தெரியுமே? லண்டன் அவ்வொக்காத்தோ, ஒரு வக்கீல். அதுக்கு முதல் இந்தியாவைக் கண்டதே இல்லை. அதுதான் நல்லது, பக்கம் சாய மாட்டான் எண்டு பிடிச்சவை.”

“பிறகு?”

“அஞ்சு கிழமையில கீறிப்போட்டு வீட்டை போயிட்டான். சனத்துக்குச் சுதந்திரம் குடுத்து ரெண்டு நாளைக்குப் பிறகுதான் கோடு எங்கை எண்டே சொன்னவை.”

“அவனுக்கு அந்த இடம் தெரியாது. எனக்கு இந்த மொட்டைமாடியில ஒவ்வொரு ஓடும் தெரியும்,” என்றேன்.

“அது சரி. பதினைஞ்சாம் தேதி நான் வரேல்லை அம்மா. அமீச்சியோட மொந்தெல்லோ கடலுக்குப் போறன்.”

“சிநேகிதருக்காக மாதா திருவிழாவுக்கோ வரேல்லை?”

“மாதா கோவிக்க மாட்டா. நீங்கள்தான் கோவிப்பீங்கள்.”

கோபித்துப் போனை வைத்துவிட்டேன்.

4

கோடு கீற எனக்கு வழி தெரியாது. பங்கு வைக்கத் தெரியும். பேசாலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைக் குவியல் குவியலாகப் போடுவோம். பெரிசும் சின்னனுமாகக் கலந்து, எந்தக் குவியலைப் பார்த்தாலும் ஆசை வரும்படி போட வேண்டும். பிறகு ஒருவர் குவியலுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்று கேட்பார். முதுகு காட்டி நிற்கிறவர் ஒரு பேரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். அதற்கு மேல் கதைத்தவனை அடுத்த முறை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை எல்லோரையும் மேலே வரச் சொன்னேன். ரோசியும் வந்தாள், போனில் படம் பிடிக்க. கோபித்துப் போனை வைத்ததை அவள் கணக்கில் எடுப்பதே இல்லை. நான் மீன்பிடித் தங்கூசி நூலைக் கதவு நிலை ஆணியில் கட்டி, எதிர்ச்சுவர்வரை இழுத்துப் பிடித்தேன். குழாய் இரண்டு பக்கமும் எட்டும்படி விட்டேன். வெயில், நிழல், துணிக்கொடி எல்லாம் சரி பார்த்தேன். நூலுக்குக் கீழே நீலப் பெயின்டால் கோடு இழுத்தேன். நேரான கோடு. இன்றைக்கும் வந்து பார்க்கலாம்.

“சிஞ்ஞோரா, அங்கால திரும்பிக் கடலைப் பாருங்கோ,” என்றேன் கொன்செத்தாவிடம். அவர் சந்தோஷமாக எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். நான் தெருப் பக்கத்துத் தரையைக் காலால் தட்டினேன்.

“இது ஆருக்கு?”

கொன்செத்தா கொஞ்ச நேரம் துறைமுகத்தைப் பார்த்தார். கப்பல் ஒன்று ஊதியது.

“மாலதிக்கு!”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மீன் கரைக்கு வரும்போது யாருடையதும் இல்லை, அதனால் யாருக்கு எந்தக் குவியல் போனாலும் சரி. மொட்டைமாடி அப்படி இல்லையே. தெருப் பக்கம் முழுக்க ஜொஹராவின் கொச்சிக்காய். அது மாலதிக்கு. கடல் பக்கம் முழுக்க மாலதியின் சுரைப் பந்தல். அது ஜொஹராவுக்கு.

“மாசி! என்ர அம்மா வைச்ச பந்தல் அது!” என்று தபன் கத்தினான்.

“காலா, கொச்சிக் கண்டெல்லாம் அவைக்கோ? விதை நான் ஊரில இருந்து கொண்டுவந்தது!” என்றான் ரஃபீக்.

“மம்மா, கே கசீனோ!” என்றாள் ரோசி. ஐயோ, என்ன குழப்பம் என்று அர்த்தம். போனை மட்டும் நிறுத்தவில்லை.

“பங்கு வைச்சாச்சு. இனிக் கதையில்லை,” என்றேன். குரல் நிமிர்ந்துதான் வந்தது. கொன்செத்தா சாவியைக் கையில் வைத்து உருட்டினார்.

5

அப்போது மாலதி சிரித்தார். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஜொஹராவைப் பார்த்து வங்காளத்தில் ஏதோ சொன்னார். நடுவில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

ஜொஹரா நின்ற இடத்தில் நின்றபடி, “உங்கட வீட்டிலயுமா?” என்றார். அதை ரஃபீக் எனக்கு மொழிபெயர்த்தான், வேண்டா வெறுப்பாக. அந்த மனுசி ஒரு முழுக் கேள்வி கேட்டு நான் முதன்முதல் கேட்டது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். கோடு விழுந்த பிறகு கொமில்லாவில் இருந்த இந்துக்களும் அகர்தலாவில் இருந்த முஸ்லிம்களும் வீட்டை வீட்டுக்கு மாற்றிக்கொண்டார்களாம். எல்லோரும் இல்லை, முடிந்தவர்கள். மாலதியின் தகப்பன் கொமில்லா வீட்டைக் கொடுத்து, அகர்தலாவில் ஒரு முஸ்லிம் துணி வியாபாரியின் வீட்டை எடுத்தார். மாலதிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகாத வயது. இரண்டு ஆண்களும் ஒரு ரயில் ஸ்டேஷனில் சந்தித்துச் சாவி மாற்றினார்கள். அது அவருக்கு நினைவிருக்கிறது.

“சாவியைக் குடுத்துப்போட்டு இரண்டு பேரும் போகேல்லை,” என்றார் மாலதி. “நிண்டு கதைக்கினம். மழைக்கு எந்தக் கதவு இறுகும், எந்த மாங்காயில புழு, கிணத்துக்கயிறு எப்ப மாத்தினது. ரயில் வெளிக்கிடப் போகுது, இவை இன்னும் கதவைப் பற்றிக் கதைக்கினம். அம்மா கத்தினா.”

ஜொஹராவின் தகப்பன் மற்றப் பக்கத்தால் வந்தவர். ஜொஹரா பிறந்ததே அப்படி மாற்றிய ஒரு இந்து வீட்டில். முற்றத்தில் துளசி மாடம் இருந்ததாம். ஜொஹராவின் தாய் அதை இடிக்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. துளசி பட்டுப்போனது. அடுத்த மழைக்குத் தானாகவே முளைத்தது.

“பிறகு எங்களுக்கு இருமல் வந்தால் அம்மா அதில இலை பிடுங்கித் தருவா,” என்றார் ஜொஹரா. “பிடுங்க முதல் தலையை மூடுவா. ஏன் எண்டு கேட்டால், ஆரோ கும்பிட்ட இடம் எண்டுவா.”

“எங்களுக்குக் கிடைச்ச வீட்டில கிணத்தடியில ஒரு கல்லு,” என்றார் மாலதி. “தொழ முதல் கால் கழுவிற கல்லு. என்ர அம்மா அதில குந்தியிருந்து மீன் வெட்டுவா. வெட்டி முடிச்சு ஒவ்வொரு நாளும் நாலு வாளித் தண்ணி ஊத்திக் கழுவுவா. ஏன் எண்டு நான் கேக்கேல்லை.”

ரோசி போனைக் கீழே இறக்கிவிட்டாள். கண் பெரிதாகிவிட்டது. “அம்மா, ஒரே வீடுதான்! கேளுங்கோ, கேளுங்கோ! அவவின்ர வீட்டிலதான் இவ பிறந்திருக்கிறா!”

கேட்டோம். மாலதியின் வீட்டு வாசலில் பலாமரம். ஜொஹராவின் வீட்டு வாசலில் குளம், பலாமரமே இல்லை. இன்னும் இரண்டு தெருப் பேர் சொல்லிப் பார்த்தார்கள். ஒரே வீடு இல்லை. ரோசியின் முகம் விழுந்துவிட்டது. அந்த இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டாகவே படவில்லை. இடிந்துபோன இரண்டு வீடுகளின் கதவுகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மன்னாரில் எருக்கலம்பிட்டி உம்மா ஒருவரின் நினைவு வந்தது. என்னிடம் கருவாடு வாங்க வருவார். விலை குறைக்கச் சொல்வது பாதி நாள், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு மிட்டாய் தருவது பாதி நாள். ஒரு ஐப்பசியில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம் சனம் எல்லோரையும் போகச் சொன்னார்கள். கடலால் போனார்கள். அவருடைய வீட்டுக் கதவு பல நாள் திறந்து கிடந்தது. எந்தக் கதவு மழைக்கு இறுகும் என்று சொல்லக்கூட அவருக்கு ஒருவரும் எதிரில் நிற்கவில்லை. மாற்றிக் கொடுக்க யாரும் வீடு கொண்டுவரவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது தெரிந்த கதை. எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மாலதி வாளியை விட்டு எழும்பினார். ஜொஹராவின் கொச்சித் தகரங்களுக்குப் பக்கத்தில் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“சொல்லுங்கோ ஆப்பா. இதுகளுக்கு என்ன செய்யவேணும்?”

‘ஆப்பா’ என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது, இந்து வீடுகளில் அது ‘திதி’. தபன் தாயைப் பார்த்த பார்வையை ரோசி படம் எடுத்திருக்க வேண்டும்.

“பின்னேரம் தண்ணி ஊத்தாதேங்கோ, திதி,” என்றார் ஜொஹரா. “காலமை மட்டும். கடைசித் தகரம் கொஞ்சம் சவலை. அதுக்கு முட்டைக்கோது நொறுக்கிப் போடுங்கோ.”

“சுரைக்கு மீன் கழுவின தண்ணிதான். வேற ஒண்டும் வேண்டாம். முதல் காயைப் பிடுங்கக்கூடாது, விதைக்கு விடுங்கோ.”

“விடுறன்.”

மகன்மார் இருவரும் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். நாட்டைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பேச அவ்வளவு ஆயத்தம் செய்து வந்திருந்தார்கள். முட்டைக்கோதைப் பற்றிப் பேச அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மாலதி தன் புதுப் பக்கத்தில், தெரு ஓரத்தில், சாம்பிராணி போட்டார். ஜொஹரா தன் புதுப் பக்கத்தில், கடல் ஓரத்தில், பாய் விரித்தார். கடற்காற்று வந்து புகையை எடுத்துத் தெருவுக்குக் கொண்டுபோனது. ஜொஹரா இருமாமல் தொழுது முடித்தார். எதிர்வீட்டு பால்கனிக்காரன்தான் இருமினான். அந்த லண்டன்காரன் காற்றைப் பார்த்துக் கோடு கீறினானோ தெரியாது. நான் பார்க்கவில்லை. அதுவாக அமைந்தது. யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

6

நான் விட்ட பிழை அடுத்த நாள் காலையில் தெரிந்தது. கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போனேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் மாலதி. அந்தப் பக்கம் ஜொஹரா. நடுவில் நீலக் கோடு, என் இரண்டு விரல் அகலம். எல்லோருக்கும் பங்கு வைத்த நான் எனக்கு வைக்க மறந்துவிட்டேன். பேசாலைக் கரையில் சின்னப் பிள்ளைகூட விடாத பிழை.

யாரிடமும் இடம் கேட்க நான் பழகவில்லை. பாயைத் திருப்பிக் கொண்டுவந்து, வீட்டு பால்கனியில் விரித்தேன். அங்கே பாதி நாள் நிழல். மீன் காயாமல் வாடியது, வீடு முழுக்க வாடை. ரோசி வந்து மூக்கைப் பொத்தினாள்.

“அம்மா, அவையிட்டைக் கேட்டால் என்ன? ஒரு மூலை தரமாட்டினமே?”

“கோடு கீறினவள் போய் இடம் கேக்கிறதோ? உனக்கு உது விளங்காது.”

“ஓம், எனக்கு உது விளங்காதுதான்,” என்றாள், சிரித்துக்கொண்டு.

பதினைந்தாம் தேதி விடிந்தது. கீழே சந்தை பூட்டு. சோறு வடித்து, இறைச்சிக்கறி இறக்கி, கத்தரிக்காய் பொரித்து, கதவைத் திறந்து போட்டபடி பூசைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் பால்கனியில் பாயைக் காணவில்லை. மீனையும் காணவில்லை. மாதாவே, திருவிழா நாளில் களவா என்று படியேறி ஓடினேன்.

மேலே பாய் கிடந்தது. நீலக் கோட்டின் மேலே, குறுக்காக. பாதி மாலதியின் பக்கம், பாதி ஜொஹராவின் பக்கம். மீனெல்லாம் ஒழுங்காகத் திருப்பிப் போட்டிருந்தது. ஒரு தலைமாட்டில் மாலதி வாளியில் உட்கார்ந்திருந்தார், கையில் கடற்காகம் விரட்ட, கூட்டுகிற தும்புத்தடி. மறு தலைமாட்டில் ஜொஹரா தன் தொழுகைப் பாயில், கையில் சுரைப்பந்தல் கம்பு.

“ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?” என்றேன்.

“ஆரையும் கேக்கேல்லை,” என்றார் மாலதி. “இவ்வளவு நல்ல கருவாட்டை நிழலில போட்டுப் பழுதாக்கிறீர். எங்கட ஊரில இதுக்கு உயிரை விடுவினம். தபனுக்குப் பிடியாது, கல்கத்தாவில படிச்சவனெல்லோ, அங்கை கருவாடெண்டால் மூக்கைப் பொத்துவினம். அவன் வேலைக்குப் போனாப் பிறகு எனக்கு ரெண்டு துண்டு தாரும்.”

“எனக்கும்,” என்றார் ஜொஹரா.

இரண்டு மகன்களும் என் கருவாட்டைப் பற்றி அவ்வளவு பேசும்போது இந்த இரண்டு தாய்மாரும் வாயே திறக்காமல் இருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

சனம் வந்தது. செபமாலை சொன்னோம். மாலதி கண்ணை மூடி இருந்தார், ஜொஹரா தலையை மூடி இருந்தார். செபமாலையின் கடைசி, ஐந்தாம் காரணிக்கம் முடிகிற நேரம் படியில் மூச்சு வாங்குகிற சத்தம். கொன்செத்தா. ஒரு கையில் தக்காளி விழுதுப் பலகை, மறு கையில் புதுப் பூட்டு.

கோட்டைப் பார்த்தார். எது யாருடையது என்று கேட்டார். நான் விளக்கினேன். “இது மாலதியின்ர இடம், ஆனால் கொச்சி ஜொஹராவின்ர. காலமையில அவ வந்து பார்த்திட்டுப் போவா. அது ஜொஹராவின்ர இடம், ஆனால் சுரை மாலதியின்ர. பின்னேரம் இவ போய்த் தண்ணி ஊத்துவா. நடுவில என்ர மீன், இரண்டு பேரும் காவல்.”

“அப்ப கோடு என்னத்துக்கு?”

“நேராக் கீறியிருக்கிறன், பாருங்கோ.”

கொன்செத்தா பலகையைக் காற்றுக்கு ஏற்ற இடமாகப் பார்த்து வைத்தார். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, விரிப்புப் பறக்காமல் இருக்க அதை மேசையின் மூலையில் வைத்தார். சாவியைக் கதவு நிலையில், நான் தங்கூசி கட்டிய ஆணியில் மாட்டினார். “எனக்கு இறைச்சி கொஞ்சமாப் போடும்,” என்றார்.

பந்தி முடிகிற நேரம் ரோசி வந்தாள். தலை ஈரம், காலில் கடல்மணல், பின்னால் நாலு அமீச்சி. செபமாலைக்கு வராதவர்களுக்குச் சோறு இல்லை என்றேன். மாலதி அதற்குள் ஐந்து தட்டிலும் போட்டுக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு பெட்டை ஜொஹராவின் கொச்சியைக் கடித்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். ரோசி எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். மணலை நானே கூட்டினேன்.

இப்போது புரட்டாசி. கோடு இன்னும் இருக்கிறது. மழை பெய்தது, போகவில்லை, நல்ல பெயின்ட். பாய் அதன் மேலேதான் கிடக்கிறது, பாதி இந்தியா, பாதி வங்காளதேசம். கீழே வீட்டுக்குள் இருக்கும்போதே மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கடற்காகம் ஒன்று இறங்கினால் போதும், இரண்டு நாடும் ஒரே பாஷையில் சேர்ந்து கத்தும்.